கார்டா, பிராசசரா? எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன்

மாரத்தஹள்ளியைத் தாண்டினால் எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுதளம் நேர் எதிரே. சக்கரம் இறக்கியாகிவிட்டது. வேகம் சரி, உயரம் சரி. அந்த நேரம் பார்த்து என் அக்கா மகன் தலையை இடப்பக்கம் திருப்பினான். கீழே தன் அடுக்குமாடிக் குடியிருப்பு தெரிகிறதா என்று பார்க்கத்தான். காட்சி வெட்டி வெட்டி இழுத்தது. ஊர் ஒரு தாவு தாவி நின்றது, மறுபடி தாவியது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்ல எலுமிச்சம்பழம் இருக்கா மாமா?"

சாறு உள்ளே போனதும் முடிவும் வந்துவிட்டது. "நாளைக்கே எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போறேன். 5080 கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டாத்தான் சரிப்படும்."

"லட்ச ரூபாய்டா. இழுக்கறது கார்டாலதான்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வி.ஆர். ஹெட்செட் மாட்டி விமானம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். வலி எங்கே என்று பார்க்காமலே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அவன் இறங்கப் பார்த்த ஓடுதளத்துக்கும் ஸிமுலேட்டருக்கும் பழைய உறவு உண்டு. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் போர் விமானம் முதல்முறை மேலெழுந்தது அங்கிருந்துதான். ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால். கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிலையாகப் பறக்கும்படி வடிவமைக்கப்பட்ட விமானம் அது. அதனால், நிஜ விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே, இதே பெங்களூரில் உள்ள ஏ.டி.இ. ஆய்வகத்தின் ஸிமுலேட்டரில் விமானிகள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். இன்று அதே ஊரில் ஒரு படுக்கையறை மேசையில் அதே ஓடுதளம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் ஸிமுலேட்டரின் புதிய பதிப்பு 2020 ஆகஸ்டில் வந்தது, அந்த டிசம்பரிலேயே வி.ஆர். வசதியும் சேர்ந்தது. 2024 நவம்பரில் அடுத்த பதிப்பு. எக்ஸ்-பிளேன், போர் விமானப் பிரியர்களுக்கு டி.சி.எஸ். என்று வேறு வழிகளும் உண்டு.

திரையில் நன்றாக ஓடுகிற அதே கணினி ஹெட்செட்டில் ஏன் திணறுகிறது? கணக்குப் போட்டால் புரியும். சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். அதோடு நிற்காது. லென்ஸ் காட்சியை வளைத்துக் காட்டும், அந்த வளைவை ஈடுகட்ட கணினி இன்னும் பெரிய படமாக வரைந்து பிறகு சுருக்க வேண்டும். ஹெச்.பி. ரிவெர்ப் ஜி2-வில் திரை ஒரு கண்ணுக்கு 2160-க்கு 2160 என்றாலும், முழுத் தரத்தில் வரையும் படம் ஏறக்குறைய 3100-க்கு 3100. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 4கே-யைப் போல் இரு மடங்குக்கு மேல்.

அதைவிடக் கொடுமை கெடு. நொடிக்கு 90 படம் காட்டும் ஹெட்செட்டுக்கு, படம் ஒன்றுக்கு 11.1 மில்லிசெகண்ட்தான் அவகாசம். 72 படம் என்றால் 13.9. திரையில் விளையாடும்போது கெடு தவறினால் படம் லேசாகத் திக்கும், அவ்வளவுதான். தலையில் மாட்டிய திரையில் கெடு தவறினால், தலை திரும்பிவிட்டது, உலகம் திரும்பவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. வயிறு கண்ணை நம்புவதில்லை.

விமான நிறுவன விமானிகள் பயிலும், தண்டூன்றி ஆடும் பெரிய ஸிமுலேட்டர்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவற்றில் மிக உயர்ந்த டி தரத்துக்கே, விமானி கைப்பிடியை அசைத்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையில் 100 மில்லிசெகண்டுக்கு மேலேயே அனுமதி உண்டு. வி.ஆர். ஹெட்செட்டில் தலை அசைவுக்கு 20-க்குள் பதில் வேண்டும். பெரிய ஸிமுலேட்டரில் விமானி தலையைத் திருப்பினால் அங்கே ஏற்கெனவே திரை இருக்கிறது, யாரும் புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை. ஹெட்செட்டிலோ ஒவ்வொரு திரும்பலுக்கும் ஊரையே மறுபடி வரைய வேண்டும். கோடிக்கணக்கில் விலை போகும் யந்திரத்துக்கு இல்லாத அவசரம் நம் மேசையடிக் கேபினட்டுக்கு.

சரி, அந்த 11 மில்லிசெகண்டை யார் தின்கிறார்கள்? இருவர்தான். பிராசசர், அல்லது கிராபிக்ஸ் கார்டு.

தர்ஷினி ஓட்டலில் நின்று தோசை வாங்கியவர்களுக்குப் பிராசசரின் பிரச்சினையைச் சொல்லத் தேவையே இல்லை. உள்ளே எட்டுப் பேர் வேலை செய்வார்கள். தோசைக்கல்லின் முன் மாஸ்டர் ஒருவர்தான். சட்னி அரைக்க இன்னும் நான்கு ஆள் சேர்த்தால் தோசை சீக்கிரம் வந்துவிடுமா? விமான ஸிமுலேட்டரிலும் காற்று, எஞ்சின், கருவிப் பலகை, மற்ற விமானங்கள், கீழே விரியும் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது பெரும்பாலும் ஒரே இழை. மெயின் த்ரெட் என்பார்கள். பிராசசரில் 16 கோர் இருந்தாலும் அந்த ஒரு மாஸ்டரின் கைவேகம்தான் கணக்கு. ஏ.எம்.டி.யின் எக்ஸ்3டி பிராசசர்களுக்கு விமானம் ஓட்டுவோரிடம் இவ்வளவு மவுசு வந்ததும் இதனால்தான். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்.பி.; அதற்கு முந்தைய ரைசன் 5 3600-ல் 32. மாவுப் பாத்திரம் கல்லுக்குப் பக்கத்திலேயே பெரிதாக இருக்கிறது. ஒவ்வொரு கரண்டிக்கும் மாஸ்டர் பின்கட்டுக்குப் போக வேண்டாம்.

கண்டுபிடிக்கும் வழிக்குப் பைசா செலவில்லை. வழக்கமாக எங்கே இழுக்கிறதோ அங்கேயே விமானத்தை நிறுத்துங்கள். அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கினால், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் சிறு பெட்டி ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஸிமுலேட்டரே திறக்கும். அதிலேயே எழுதியிருக்கும், தடை மெயின் த்ரெட்டா, ஜி.பி.யு.வா என்று. நம்பிக்கை வரவில்லையென்றால் வி.ஆர். ரெண்டர் ஸ்கேலைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். காட்சி மங்கும். மங்கியும் எண்ணிக்கை ஏறவில்லையென்றால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. விறுவிறுவென ஏறினால் கார்டுதான் குற்றவாளி.

அன்றிரவே செய்து பார்த்தோம். அவனுடைய கணினி 2020 ஊரடங்கில் கட்டியது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பிறகு மாற்றிய 3080. மாரத்தஹள்ளி மேலே நொடிக்கு 31 படம். ஸ்கேலைப் பாதியாக்கினோம். 33. பெட்டியில் சிவப்பாக 'லிமிடெட் பை மெயின் த்ரெட்'.

"அப்போ 5080 போட்டிருந்தா?"

"அதே முப்பத்து மூணுதான். காட்சி மட்டும் இன்னும் பளிச்சுன்னு இழுக்கும்."

அடுத்து இலவச மருந்துகள். டெரெய்ன் எல்.ஓ.டி. என்ற அளவை 200-லிருந்து 100-க்கு இறக்கினோம். தொலைவில் உள்ள கட்டடங்களின் சுமை அதில் குறையும். தாழப் பறக்கும்போது கண்ணுக்கு அதிகம் தெரியாது. மற்ற விமானங்களின் போக்குவரத்தைக் குறைத்தோம். கருவித் திரைகள் புதுப்பிக்கும் வேகத்தை நடுத்தரமாக்கினோம். எண்ணிக்கை 40-ஐ ஒட்டி வந்தது. இவையெல்லாம் பிராசசர் சுமையைக் குறைப்பவை. தடை கார்டில் இருப்பவர்கள் மேகத்தின் தரத்தையும் நிழலையும் குறைக்க வேண்டும், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ். போட்டுப் பார்க்க வேண்டும். டி.எல்.எஸ்.எஸ்.ஸில் ஒரு சங்கடம்: உயரம் காட்டும் எண்கள் ஓடும்போது நிழல் போல ஒரு வால் இழுபடும். பயணிகள் விமானம் ஓட்டி, கருவிப் பலகையையே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது எரிச்சல்.

ஹெட்செட் கேட்கும் 72-ஐயோ 90-ஐயோ எட்டியே ஆக வேண்டுமா? வேண்டாம். பாதி எண்ணிக்கை நிலையாக வந்தால் இடைப் படத்தை மென்பொருளே ஊகித்து நிரப்பும். தூரத்து மலைக்கு அது போதும். பக்கத்தில் சுழலும் புரொப்பெல்லர் மட்டும் ரப்பர் போல நெளியும். ஜக்கூரின் அரசுப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளம்பும் சிறு விமானம் போல மெல்லப் பறக்கிறவருக்கு 36 நிலையாக இருந்தால் தாராளம். டி.சி.எஸ்.ஸில் எதிரி விமானத்தைக் கழுத்தைத் திருப்பித் தேடுகிறவருக்குப் போதாது. யார், எதை, எப்படி ஓட்டுகிறார் என்று கேட்காமல் கார்டின் பெயரைச் சொல்லும் எந்த அறிவுரையையும் நான் நம்புவதில்லை.

தடை கார்டில்தான் என்று உறுதியானவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கார்டின் நினைவகத்தை. 8 ஜி.பி. கார்டில் முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போகும். நகரத்தை நெருங்கும்போது நினைவகம் நிரம்பிச் சட்டென்று தடுமாறும். 2025-ல் என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலைகள்: 12 ஜி.பி. கொண்ட 5070-க்கு 59,000 ரூபாய், 16 ஜி.பி. 5080-க்கு 1,07,000, 32 ஜி.பி. 5090-க்கு 2,14,000. கடையில் கேட்கும் விலை இதற்கு மேலேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போவது நல்லது. கார்டு தனியாகவும் வராது. 5090 மட்டுமே 575 வாட் இழுக்கும், 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேட்கும். மேசைக்கடியில் பலர் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். ஏப்ரல் மாத மாலையில், மழைக்கு முந்தைய காற்றில் மின்சாரம் ஒரு சிமிட்டு சிமிட்டினால் தரையிறங்கும் விமானம் மட்டுமல்ல, கணினியும் விழும்.

பிராசசர் பக்கமும் சங்கிலிதான், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் மதர்போர்டு வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிட்டு 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி-யை அதிலேயே மாட்டலாம். போர்டும் ரேமும் மாற்ற வேண்டாம். புதிதாகக் கிடைப்பது அரிது, செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும். புதிய தலைமுறைக்கு, அதாவது 9800எக்ஸ்3டி-க்குப் போகிறவர்கள் போர்டு, டி.டி.ஆர்.5 ரேம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ரேம் விலையோ 2025 கடைசியில் எகிறிவிட்டது. உலகத்து மெமரி சிப்பெல்லாம் ஏ.ஐ. தரவு மையங்களுக்குப் போகிறது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் சில்லறை வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இப்போது பிளாட்ஃபாரம் மாற்றுவது, கல்யாண மாதத்தில் தங்கம் வாங்கப் போவது போல.

ஹெட்செட்டை மாற்ற நினைப்பவர்கள் ரிவெர்ப் ஜி2-வின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2020 கடைசியில் வந்தது. எழுத்துகள் தெளிவாகத் தெரிவதால் விமானப் பிரியர்களின் செல்லப் பிள்ளை. அது நம்பியிருந்தது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை. 2023 டிசம்பரில் அதைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது இல்லை. லென்ஸ் கெடவில்லை, ஒயர் அறுபடவில்லை. விண்டோஸை அப்டேட் செய்ததும் ஹெட்செட் வேலை செய்யவில்லை. பிறகு தனிமனிதர் ஒருவர் எழுதிய டிரைவர் வந்துதான் என்விடியா கார்டு வைத்திருந்தவர்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. ஹெட்செட் வாங்கும்போது திரையின் புள்ளிகளை எண்ணுவதோடு, அது யாருடைய மென்பொருளை நம்பி நிற்கிறது என்றும் கேட்க வேண்டும்.

"இதெல்லாம் பைலட் ஆகறதுக்கு உதவுமா மாமா?" என்று இடையில் கேட்டான். வணிக விமானி உரிமத்துக்கு டி.ஜி.சி.ஏ. கேட்கும் 200 மணி நேரத்தில் வீட்டு மேசையில் ஓட்டியது ஒரு நிமிடம்கூடச் சேராது. ஐரோப்பாவில் வி.ஆர். அடிப்படையிலான ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு 2021-ல் முதல்முறையாக அங்கீகாரம் கொடுத்தார்கள், ராபின்சன் ஆர்22-க்கானது. அது வேறு தரம், வேறு விலை. ஆனால் எந்தச் சுவிட்ச் எங்கே என்று கை பழகுவதற்கு வீட்டு ஹெட்செட் போதும்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போகத்தான் செய்தோம். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே நடந்தால் கடை வாசல் வரை காலி அட்டைப் பெட்டிகள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் 5080 பெட்டியைத்தான் எடுத்து வைத்தார். பழைய எக்ஸ்3டி கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. மூன்றாவது கடையில் கிடைத்தது. பின்னொன்றும் வளையவில்லையா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து, கடையிலேயே போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கினோம்.

மாலையில் பயாஸ் ஏற்றும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும். அந்த நாலு நிமிடமும் அவன் யு.பி.எஸ்.ஸின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, மழைதான் வந்தது.

இரவு மறுபடி அதே மாரத்தஹள்ளி, அதே ஓடுதளம். 54 படம். தலையை இடப்பக்கம் திருப்பினான். வெட்டவில்லை, இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எங்க அபார்ட்மென்ட் இருக்கற இடத்துல ஓடு போட்ட வீடு ஒண்ணு இருக்கு."