சேர்ந்து பார்த்தால்தான் காட்சி

வீட்டில் நால்வர் அமர்ந்து ஒரு படம் பார்க்கிறோம். "அதோ பார்!" என்று ஒருவர் விரல் நீட்டினால், மற்ற மூவரின் பார்வையும் அங்கே திரும்புகிறது. மெய்நிகர் காட்சிக் கண்ணாடி அணிந்தவருக்கோ இவ்வசதி கிடையாது. நாற்புறமும் காட்சி விரிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் மறைந்துவிடுவார். இக்குறையை எவ்வாறு நீக்குவது?

2014-இல் கூகுள் நிறுவனம் 'கார்ட்போர்ட்' என்னும் அட்டைப் பெட்டியை அறிமுகம் செய்தது. இரு வில்லைகள் பொருத்திய அப்பெட்டியில் கைப்பேசியைச் செருகினால் போதும். சற்றே வேறுபட்ட இரு படங்களை இரு கண்களும் காண, மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய தத்துவமே இது.

அடுத்து வந்த 'எக்ஸ்பெடிஷன்ஸ்' திட்டத்தில், ஆசிரியர் தம் பலகைக் கணினியில் ஓரிடத்தைத் தொட்டால், மாணவர் கண்ணெதிரே ஓர் அம்புக்குறி தோன்றி அங்கே வழிகாட்டும். யார் எங்கே பார்க்கிறார் என்பதும் ஆசிரியருக்குத் தெரியும். நீட்டிய விரல் திரும்பக் கிடைத்துவிட்டது!

இதையே இணையத்தில் செய்து பார்க்க 2015-இல் மோசில்லா குழுவினர் 'ஏ-ஃபிரேம்' என்னும் கருவியைத் தந்தனர். சில வரிகள் எழுதினால் ஓர் எளிய முன்மாதிரி உருவாகிவிடும். தனிச் செயலி எதுவும் வேண்டியதில்லை. இணைய முகவரியைத் திறந்தாலே போதும்.

இதன் நுட்பம் எளியது. முழுக் காட்சியையும் நொடிதோறும் ஒருவர் மற்றவருக்கு அனுப்புவதில்லை. காட்சி அவரவர் கருவியிலேயே வரையப்படுகிறது. தலை இருக்கும் இடம், திரும்பிய திசை, படம் ஓடும் நேரம் ஆகிய சில எண்கள் மட்டுமே பரிமாறப்படுகின்றன. தோழரின் அசைவு சிறிது தாமதித்து வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நம் தலை திரும்பியும் காட்சி உடனே திரும்பாவிட்டால் குமட்டலே வரும்! எனவே முன்மாதிரியில் முதலில் சோதிக்க வேண்டியது அழகையன்று, இவ்வேகத்தையே.

சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'எக்ஸ்பெடிஷன்ஸ்' 2021-இல் நிறுத்தப்பட்டது. பலர் ஒரே அறையில் கூடிக் காண மோசில்லா 2018-இல் தொடங்கிய 'ஹப்ஸ்' சேவையும் 2024-இல் மூடப்பட்டது. ஆனால் 'ஹப்ஸ்' மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், பிறர் அதைத் தாமே நடத்த வழியிருந்தது.

பிறர் கட்டிய கூடத்தில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள், தம் படங்களுக்கும் பாடங்களுக்கும் ஒரு படியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. கூடம் மூடப்படலாம், பாடம் தொலைந்துவிடக் கூடாதல்லவா?