கதவடைத்த நாட்களின் நேர்த்தி

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. ஏப்ரல் 14 வரை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு மே 3, மே 17, மே 31 என்று தள்ளிக்கொண்டே போனது. கொரோனா நோயின் கணக்கு தினமும் வந்தது: இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் வீடு திரும்பினார்கள், இத்தனை பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் அடைபட்ட மனம் பட்ட பாட்டின் கணக்கு பின்னால்தான் வந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இளைஞர்களும் பெண்களும்.

'பாசிட்டிவாக இருங்கள்' என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் அறிவுரைகள் குவிந்தன. மனத்துக்கு உத்தரவு போட்டு அதை மகிழவைக்க முடியாது. எழும் நேரம், வெளிச்சம், உடை, சாப்பாடு, பேச்சு ஆகியவை அப்படியல்ல; அவை நம் கைக்குள் இருப்பவை. அவற்றை நேர்த்தியாக வைத்துக்கொண்டால் மனத்துக்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருப்பவர்களுக்கும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும், வெள்ளத்தில் தெரு மூழ்கி வீட்டுக்குள் முடங்குபவர்களுக்கும் இது இன்றைக்கே தேவைப்படும் விஷயம்.

கிழமை மறந்த வீடுகள்

ஊரடங்கின் இரண்டாவது வாரத்திலேயே பல வீடுகளில் கேட்ட கேள்வி: "இன்னைக்கு என்ன கிழமை?" பள்ளி வேன் வராது, பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டாம், பதிவேட்டில் கையெழுத்து இல்லை. எட்டு மணிக்கு எழுவது பத்தானது. காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் ஒன்றாயின. இரவு இரண்டு மணிக்கும் கையில் செல்போன். விடுமுறைபோலத் தொடங்கிய இந்தத் தளர்வு, சில வாரங்களில் காரணம் புரியாத எரிச்சலாக மாறியது.

இதை முன்கூட்டியே காட்டிய ஒரு சோதனை உண்டு. செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாட்கள், மாஸ்கோவில் ஒரு கட்டடத்துக்குள் ஆறு ஆண்கள் அடைபட்டு வாழ்ந்தார்கள். மூன்று ரஷ்யர்கள், மற்ற மூவர் பிரான்ஸ், இத்தாலி, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். சூரியனே தெரியாது. மணிக்கட்டில் கட்டிய கருவி அவர்களுடைய அசைவையும் தூக்கத்தையும் பதிவுசெய்தது. 2013-இல் வெளியான முடிவுகளின்படி, நாள் ஆக ஆக அவர்களின் நடமாட்டம் குறைந்தது. படுத்துக் கிடக்கும் நேரம் கூடியது. பெரும்பாலோருக்குத் தூக்கமோ கவனமோ ஏதோ ஒரு வகையில் கெட்டது. ஒருவருடைய நாள் 25 மணி நேரமாகவே நீண்டுவிட்டது. மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கினார், அவர்கள் தூங்கும்போது விழித்திருந்தார். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் வேறு ஊரின் நேரத்தில் வாழ்ந்தார்.

அதே ஆறு பேரில் இருவர், அந்த ஒன்றரை ஆண்டையும் பெரிய மனக்கலக்கம் இல்லாமல் கடந்தார்கள். அடைபட்டிருப்பது எல்லோரையும் ஒரே மாதிரி குலைப்பதில்லை.

காலை வெளிச்சம் என்னும் மருந்து

மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் நம் உடலின் கடிகாரமாக இருக்கிறது. அது தானாக ஓடினால் அதன் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். தினமும் காலையில் கண்ணுக்குள் விழும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி ஊர் நேரத்தோடு சேர்க்கிறது. அந்தத் திருத்தம் கிடைக்காவிட்டால் கடிகாரம் நாளுக்கு நாள் கொஞ்சம் பின்னுக்குப் போகும். இரவில் நெடுநேரம் பார்க்கும் செல்போன் வெளிச்சம் இதை இன்னும் மோசமாக்கும். 'தூக்கமே வரவில்லை, காலையில் எழவும் முடியவில்லை' என்ற ஊரடங்குக் காலப் புலம்பலுக்குப் பின்னால் சோம்பேறித்தனத்தைவிட வெளிச்சக் குறைவே அதிகம்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015 மார்ச்சிலிருந்து 2016 மார்ச் வரை 340 நாட்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர். அந்த நிலையத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும். ஆகவே சூரியனை வைத்து நாளைக் கணக்கிட முடியாது. எழுவதும் தூங்குவதும் முழுக்க அட்டவணைப்படிதான். உலகம் வீட்டுக்குள் முடங்கிய 2020 மார்ச்சில் அவர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அட்டவணையைக் கைவிடாதீர்கள், படுக்கைக்கு ஒரே நேரத்தில் போங்கள், வேலைக்கும் ஓய்வுக்கும் எல்லை வையுங்கள், முடிந்தால் வெளியே நில்லுங்கள், ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் எழுதுங்கள் என்றார். விண்வெளியில் இருந்தபோது பறவைக் குரல்களையும் மர இலைகளின் சலசலப்பையும் ஒலிப்பதிவில் கேட்டதாகவும் சொன்னார். அந்தப் பதிவில் கொசுவின் ரீங்காரம்கூட இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை: மொட்டை மாடி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரைமணி நேரம் அங்கே நடந்தால் வெளிச்சமும் நடையும் சேர்ந்தே கிடைக்கும். 2020 ஏப்ரல், மே வெயிலில் எத்தனையோ மாடிகளில் வடகமும் மோர்மிளகாயும் காய்ந்தன. பழைய பக்கெட்டுகளில் கீரையும் தக்காளியும் முளைத்தன. கோடை உச்சத்தில் காலை எட்டுக்கு முன் மாடிக்குப் போய் வந்துவிடுவது நல்லது. மாடி இல்லாதவர்களுக்கு வாசற்படியும் ஜன்னலோரமும் உண்டு. காபியை அங்கே நின்று குடிப்பதுகூடக் கணக்கில் சேரும்.

கூழானாலும் குளித்துக் குடி

அழகாக வாழ்வது என்றதும் பலருக்கு விலை உயர்ந்த சோபாவும் படம் எடுக்கத் தோதான சமையலறையும் நினைவுக்கு வரும். தமிழர் பழமொழி அதைக் கூழோடும் கந்தையோடும் சேர்த்து வைத்திருக்கிறது. குளிப்பதும் கசக்கிக் கட்டுவதும் பணத்தைக் கேட்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்த குடும்பங்களுக்கு ஊரடங்கு மிகக் கடுமையாக இருந்தது. அந்த வீடுகளிலும் பாயைச் சுருட்டி வைத்தபின் அறை கூடமானது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆனது. படுக்கை அப்படியே கிடந்தால் நாள் முழுதும் இரவுதான்.

இராத்தூக்கத்துக்கு உடுத்திய லுங்கியிலும் நைட்டியிலுமே பகலையும் கழிக்காமல், குளித்து வேறு உடை மாற்றுவது நாளுக்கு ஒரு தொடக்கம் வைக்கும். வேலை பார்க்கும் இடமும் சாப்பிடும் இடமும் வேறாக இருக்கட்டும். இடமே இல்லையென்றால் மடிக்கணினியை மூடி உறைக்குள் வைத்தபிறகாவது தட்டு வரட்டும். டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடலாம். நேரம் குறித்த சாப்பாடு, சும்மா இருக்கும்போதெல்லாம் முறுக்கு டப்பாவைத் தேடும் கையையும் கட்டுப்படுத்தும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் தந்த அளவு. பஸ் நிறுத்தம் வரை நடந்ததும் அலுவலகப் படியேறியதும் இல்லாமற்போனதைப் பலர் கவனிக்கவே இல்லை. வீட்டைக் கூட்டித் துடைப்பதும் துணி துவைப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

பண்டிகைகளையும் விடவேண்டாம். 2020-இல் மதுரைச் சித்திரைத் திருவிழா ரத்தானது. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் கோயிலுக்குள் நடந்து இணையத்தில் நேரலையாக வந்தது. பெண்கள் செல்போன் திரையைப் பார்த்தபடியே வீட்டில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் இல்லை, தேர் இல்லை. ஆனாலும் அன்றைய நாள் மற்ற நாளைப் போல இல்லாமல் இருந்தது. அடைபட்ட வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

நேர்த்தி யார் தலையில்?

இந்த நேர்த்தியையெல்லாம் செய்வது யார் என்று கேட்காவிட்டால், இதுவரை சொன்னது அத்தனையும் ஒரு பெண்ணின் முதுகில் இன்னொரு மூட்டையாக ஏறும். இந்தியாவின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்தைய நிலை. அதற்குப் பிறகு எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவும் வரமுடியாது. கணவருக்குக் கூகுள் மீட், மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மாமியாருக்குப் பத்தியச் சாப்பாடு. அம்மாவுக்கு மட்டும் நாள் முழுக்க அடுப்படி.

பாத்திரம் கழுவுவது ஒருவர், காய் நறுக்குவது ஒருவர், துணி மடிப்பது பிள்ளைகள் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிய வீடுகளில் சச்சரவு குறைந்தது. 'உதவி செய்கிறேன்' என்று சொல்பவருக்கும், 'இது என் வேலை' என்று எடுத்துக்கொள்பவருக்கும் நடுவே பெரிய தூரம். முன்னவருக்கு ஒவ்வொரு முறையும் யாராவது நினைவூட்டவேண்டும். அந்த நினைவூட்டலும் ஒரு வேலைதான். அம்மாவுக்கு மாலையில் ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாமல், தாளில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

செய்தி கொஞ்சம், பேச்சு நிறைய

2013-இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்தைய வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் மன அழுத்தம் அதிகமாக இருந்ததைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கொரோனா இரண்டாம் அலையில் எரியும் சிதைகளைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்த 2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்தால் இது புரியும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, நம்பகமான ஒரே இடத்தில் செய்தி பார்ப்பது போதும். படுக்கைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

அப்படி மிச்சமாகும் நேரத்தை யாரோடாவது பேசுவதற்குத் தரலாம். 2020-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், வீடு தேடி உணவு பெற்றுவந்த 240 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 17 முதல் 23 வயதுள்ள 16 இளைஞர்கள் நான்கு வாரம் அவர்களில் பாதிப்பேரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். இளைஞர்கள் மனநல வல்லுநர்கள் அல்லர். பரிவோடு கேட்பதற்குச் சிறு பயிற்சி மட்டும் பெற்றவர்கள். அழைப்பு வந்தவர்களின் தனிமையும் மனச்சோர்வும் பதற்றமும், வராதவர்களோடு ஒப்பிடும்போது குறைந்தன.

ஊரில் தனியாக இருக்கும் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் 'மாத்திரை போட்டீங்களா?' என்று கேட்டு வைத்துவிடும் அழைப்பு போதாது. என்ன சமைத்தார்கள், முருங்கை காய்த்ததா, எதிர்வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடம் அவர்களைப் பேசவிடவேண்டும்.

சோர்வு விடாதபோது

அட்டவணையும் வெளிச்சமும் எல்லாச் சோர்வையும் தீர்க்காது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனம் கனத்துக் கிடந்தால், பிடித்ததில் எதிலும் ஆர்வம் இல்லையென்றால், தூக்கமும் பசியும் மாறிப்போனால் அது மருத்துவம் தேவைப்படும் நிலை. வீட்டுக்குள் அடிதடியும் மிரட்டலும் இருந்தால் நேர்த்தி பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. முதல் தேவை பாதுகாப்பு. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மனநல உதவிக்கு 2022 அக்டோபர் முதல் டெலி மனாஸ் சேவை இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டில் ஒருவர் வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசினால், அதட்டாமல், அறிவுரை சொல்லாமல், அவரைத் தனியே விடாமல் கூடவே உட்கார்ந்து, 14416-ஐ அழைத்து, போனை அவர் கையில் கொடுக்கலாம்.