படிப்பக அலமாரியில் எந்த அம்பேத்கர்?

ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் ஊரையும் ஆண்டையும் தயங்காமல் சொல்வார்கள். கைடில் அவ்வளவுதான் இருக்கிறது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில் அண்ணல் அம்பேத்கர் இதே பிரச்சினையைப் பேசியிருக்கிறார். முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும், விவசாயமும் அரசுத் தொழிலாக வேண்டும், நிலத்தைச் சாதி பார்க்காமல் கிராம மக்களுக்குக் குத்தகைக்குத் தர வேண்டும் என்றார். இதையெல்லாம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்கவும் கேட்டார். நாடாளுமன்றப் பெரும்பான்மை மாறும்போது கொள்கையும் மாறிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. ஆவடியில் நிறைவேறியது ஒரு கட்சியின் தீர்மானம். அண்ணல் கேட்டது சட்டத்தின் உத்தரவாதம்.

இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளிட்ட படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் அரசு நிறுவனங்களின் கீழ் கொண்டுவரப்பட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் நம் தம்பி தங்கைகளுக்கு இட ஒதுக்கீடு கிடையாது. தனியார் வேலையில் அது எங்கேயும் இல்லை. ஏன் இல்லை என்று அவர்கள் கேட்க வேண்டுமானால் அந்தக் கேள்வியைக் கற்றுத்தரும் புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம் குடியிருப்புகளில் அண்ணலின் பெயரில் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கைடு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வேலை வாங்கித் தரும் புத்தகத்துக்கு அலமாரியில் இடம் வேண்டும். ஆனால் சுவரில் அண்ணலின் படமும் அலமாரியில் கைடுகளும் மட்டுமே என்றால் அந்த இடத்தில் அவர் படமாகத்தான் இருக்கிறார். அரசியல், சமூகவியல் நூல்களைத் தேர்ந்தெடுக்கச் சில வழிகள் சொல்கிறேன்.

முதலில், அண்ணலைப் பற்றிய நூலை வாங்குவதற்கு முன்பு அவரே எழுதிய நூலை வாங்குங்கள். அதிலும் முழுமையான பதிப்பா என்று பாருங்கள். 'சாதி ஒழிப்பு' நல்ல உதாரணம். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. உரையை ஏற்க முடியாமல் 1936இல் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அண்ணல் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பையும் அதற்குத் தன் பதிலையும் சேர்த்து 1937இல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார் அண்ணல். எனவே தமிழ்ப் பதிப்பைக் கையில் எடுத்தால் மண்டலுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, காந்தியின் மறுப்பு, அண்ணலின் பதில் மூன்றும் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். உரை மட்டும் இருந்தால் பாதிச் சண்டைதான் கிடைக்கும்.

இரண்டாவது வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. எதிராளியின் வாதத்தைத் தன் புத்தகத்திலேயே அச்சிட்டவர் அண்ணல். நாமும் எதிர்க்கருத்து நூல்களைப் பக்கத்தில் வைக்கலாம். பூனா ஒப்பந்தத்தைப் பற்றிக் காந்தி சொன்னதையும் 1945இல் அண்ணல் எழுதியதையும் சேர்த்துப் படித்த பிள்ளையை மேடைப் பேச்சில் யாரும் ஏமாற்ற முடியாது.

மூன்றாவதாக, சான்று கொடுக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த இதழ் என்று சொல்லாமல் தலைவர்களின் பெயரில் வாசகங்களை அடுக்கும் தொகுப்புகளுக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் வித்தியாசமில்லை.

நான்காவதாக, நம் மண்ணின் வரலாறு. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் தன் வரலாற்றைத் தானே எழுதியிருக்கிறார். எம்.சி.ராஜாவின் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' 1925இல் ஆங்கிலத்தில் வந்தது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999இல் வெளியிட்டது. பண்டிதரின் தமிழ் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாலு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தால் வழிக்கு வந்துவிடும். கோட்பாட்டு நூலுக்கு இன்னும் தயாராகாதவர்களுக்கு 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நல்ல வாசல். தேவாலயத்துக்குள்ளும் சாதி எப்படி நடமாடுகிறது என்று அது காட்டும்.

வாங்குவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணலின் நூல் தொகுதிகளைத் தமிழில் வெளியிட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. எல்லாத் தொகுதிகளையும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் 'சாதி ஒழிப்பு', 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' இரண்டையும் வைத்துத் தொடங்குங்கள்.

காசு இல்லை என்றால் அரசு நூலகம் இருக்கிறது. அங்கே கேட்பது சலுகை அல்ல. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறார். நூலகத்தில் இல்லாத நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் மனுவாகக் கொடுங்கள். ஒருவர் கையெழுத்தைவிடப் பத்துப் பேர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களும் காப்பாளரிடம் இப்படிக் கேட்கலாம்.

ஏப்ரல் 14க்கு ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறோம். அது மறுவாரமே கிழிந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி இந்த ஆண்டு எந்த நூல் என்று படிப்பகத்தில் கூடி முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பெண்களையும் அழையுங்கள். வாங்கிய நூலை வாரம் பத்துப் பக்கம் சேர்ந்து படியுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் தெரு விளக்கையும் குடிநீரையும் கேட்டுவிட்டு, தனியார் வேலையில் இட ஒதுக்கீடு பற்றியும் கேட்க ஆள் இருப்பார்கள்.