பல்லிணை மாற்றி (மிதிவண்டி)

பல்லிணை மாற்றி அல்லது டிரெய்லூர் என்பது மிதிவண்டிச் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் கருவியாகும். பின்சக்கரப் பல்லிணைகள் சரியாக மாறாமைக்குப் பெரும்பாலும் கம்பிவடத்தின் இழுவிசை மாறுவதே காரணமாகும்.

செயற்பாடு

கைப்பிடியிலுள்ள நெம்பை ஒரு படி நகர்த்தினால், கம்பிவடம் குறிப்பிட்ட நீளம் இழுக்கப்பட்டு, சங்கிலி பெரிய பற்சக்கரத்திற்கு ஏறும். வடம் தளரும்போது, மாற்றியிலுள்ள சுருள்வில் சங்கிலியைச் சிறிய பற்சக்கரத்திற்குக் கொண்டுவரும். ஷிமானோ நிறுவனம் 1984இல் வெளியிட்ட டியூரா-ஏஸ் தொகுதிக்குப் பின் இப்படிநிலை முறை பரவலானது. 8 பற்சக்கரங்கள் கொண்ட அடுக்கில் அடுத்தடுத்த சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 4.8 மி.மீ.; 10 கொண்ட அடுக்கில் 3.95 மி.மீ. ஆகவே சிறு தளர்வும் சங்கிலியை இடம் தவறச் செய்யும்.

சீரமைத்தல்

புதிய வடத்தின் உறைகள் பயன்பாட்டில் அழுந்தி அமர்வதால் இழுவிசை குறையும்.

* பெரிய பற்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், மாற்றியில் வடம் நுழையுமிடத்திலுள்ள திருகைப் பின்னாலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றுக்கு எதிராகக் கால் சுற்று திருப்பிச் சோதிக்க வேண்டும்.
* சிறியதற்கு இறங்கத் தயங்கினால், எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அப்போதும் சரியாகாவிடில், உறைக்குள் துருவோ அழுக்கோ இருக்கலாம். வடத்தையும் உறையையும் மாற்றுவது நன்று.

எல்லைத் திருகாணிகள்

'எச்', 'எல்' எனக் குறிக்கப்பட்ட திருகாணிகள் மாற்றியின் நகர்வுக்கு எல்லையிடுகின்றன. இடைப்பட்ட படிகளைச் சீராக்குவதில்லை. 'எல்' திருகாணி தளர்ந்திருந்தால், சங்கிலி பெரிய பற்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிகளில் சிக்கி, சக்கரம் திடீரென நின்றுவிடலாம். எனவே இவற்றைக் காரணமின்றித் திருப்பலாகாது.

தாங்கி வளைதல்

வண்டி வலப்புறமாக விழுந்தபின் கோளாறு தோன்றினால், மாற்றியைத் தாங்கும் உலோகத் துண்டு வளைந்திருக்கக்கூடும். அதனை நேராக்காமல் இழுவிசையை மாற்றுவதால் பயனில்லை.