செத்தவர்கள் எழுந்து வந்து சண்டை போடும் மேஜை!

ஒரு பக்கம் நீலச் சட்டைச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைச் சட்டைச் சிப்பாய்கள். நடுவே, லேசாகப் பனி படர்ந்த ஒரு கிராமம். அதில் ஒரு மாதா கோவில். பீரங்கிகள் வாயைப் பிளந்து நிற்கின்றன.

ஆனால் புகை இல்லை, சத்தம் இல்லை. சிப்பாய்களின் உயரம் கட்டை விரலில் பாதிதான்!

இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் விடுமுறை நாட்களில் பெரியவர்கள் கூடி ஆடும் ஆட்டம் இது. 'வார் கேம்' என்று பெயர். எப்போதோ நடந்து முடிந்த போரை மேஜை மேல் மறுபடி நடத்திப் பார்ப்பார்கள்.

உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த பொம்மைகள். சட்டைப் பித்தான் வரை தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரு பொம்மை 20, 30 நிஜ சிப்பாய்களுக்குச் சமம். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோல் சொல்லும். குண்டு பட்டதா, படை பயந்து ஓடியதா என்பதைப் பகடை சொல்லும்.

மன்னர் செய்த தந்திரம்

இவர்கள் விரும்பி ஆடும் போர்களில் ஒன்று லாய்தன் போர். நடந்தது 1757 டிசம்பர் 5-ந்தேதி. அந்தக் கிராமம் இன்று போலந்து நாட்டில் லுட்டினியா என்ற பெயரில் இருக்கிறது.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்குக்கு அப்போது வயது 45. அவரிடம் இருந்தது சுமார் 35 ஆயிரம் பேர். எதிரே ஆஸ்திரியத் தளபதி, லொரைன் இளவரசர் சார்லஸ். அவரிடம் சுமார் 65 ஆயிரம் பேர்! ஏறக்குறைய 8 கிலோ மீட்டர் நீளத்துக்கு அணிவகுத்து நின்றார்கள்.

நேருக்கு நேர் மோதினால் தோல்விதான். பிரடெரிக் என்ன செய்தார்?

எதிரியின் வலது கோடிக்கு எதிரே கொஞ்சம் படையைக் காட்டினார். அங்கே இருந்த தளபதி லுக்கேசி பதறிப்போய் உதவி கேட்டார். கையிருப்புப் படை அங்கே ஓடியது.

இதற்குள் பிரடெரிக்கின் பெரும்படை, சிறு குன்றுகளுக்குப் பின்னால் மறைந்து, எதிரியின் இடது கோடிக்கு நடையைக் கட்டியது. படை மறைந்ததும், பிரஷ்யர்கள் பின்வாங்குவதாகவே ஆஸ்திரியத் தலைமை நினைத்தது. இடது கோடியில் இருந்த தளபதி நடாஸ்டி ஆபத்து வருகிறது என்று சொல்லி அனுப்பினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பகல் 1 மணி வாக்கில் அடி விழுந்தது, இடது கோடியில்! இருட்டுவதற்குள் ஆஸ்திரியா சுமார் 22 ஆயிரம் பேரை இழந்தது. அதில் பாதிக்கு மேல் கைதிகள். பிரஷ்யாவுக்கு 6 ஆயிரம் பேருக்கு மேல் சேதம்.

இரண்டாம் முறை ஏமாறுவாரா?

மேஜையில் இதை நடத்தும்போதுதான் சிக்கல். ஆஸ்திரியப் பக்கம் உட்காருகிறவர் புத்தகம் படித்தவர். அடி எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். கையிருப்புப் படையை இடது பக்கம் நிறுத்திவிட்டால் கதை கந்தல்!

பொம்மை, பீரங்கி, கிராமம் எல்லாவற்றையும் செய்துவிடலாம். அன்றைக்கு இருந்த அந்த 'தெரியாமை'யை எப்படிச் செய்வது?

அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஒரு நடுவரை வைப்பார்கள். இரண்டு பேரும் தனித்தனி வரைபடத்தில் படையை நகர்த்துவார்கள். எதிரியின் கண்ணில் பட்ட பிறகுதான் பொம்மை மேஜைக்கு வரும். சிலர் பொம்மைக்குப் பதில் அட்டைகளை நகர்த்துவார்கள். சில அட்டைகளுக்குப் பின்னால் படையே இருக்காது!

இன்னும் சிலர் ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர் எல்லாவற்றையும் மாற்றி, இடத்தை வலமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். ஆடுகிறவர் லாய்தன் என்றே தெரியாமல் மாட்டிக்கொள்வார். அப்படி மாட்டினால்தான் புரியும்: இளவரசர் சார்லஸ் முட்டாள் இல்லை. குன்றுக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்!

பிறந்த கதை

இந்த ஆட்டம் முதலில் பொழுதுபோக்கு அல்ல. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட போர் ஆட்டம், அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்பட்டது. வரைபடம், கட்டைகள், பகடை, நடுவர் எல்லாம் அதிலேயே உண்டு.

அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் பொம்மைப் போருக்கு விதி எழுதினார். மூன்று நான்கு தடவை இதை ஆடிப் பார்த்தாலே, நிஜப் போர் எவ்வளவு பெரிய குளறுபடியாக இருக்கும் என்று புரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடமே, 1914-ல், முதல் உலகப்போர் வெடித்தது.

மேஜையில் ஆட்டம் முடிந்ததும், விழுந்து கிடக்கும் பொம்மைகளை எடுத்துத் தூசி தட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். அடுத்த வாரம் எல்லோரும் மறுபடி எழுந்து நிற்பார்கள்.

லாய்தன் பனியில் விழுந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.