ஆறு மாதக் குழந்தைக்கு ஜாதகம்

வசந்தகாலத்தில் பிரான்ஸின் போர்தோ நகரத்துக்கு வந்துபோகும் ஒயின் சுவைஞர்களைப் பற்களை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். நாவல்பழம் தின்ற பள்ளிப்பிள்ளைகள்போல வாயெல்லாம் ஊதா. காலையிலிருந்து மாலைக்குள் பல டஜன் ஒயின்களை வாயில் விட்டு, கொப்பளித்துத் துப்பியிருப்பார்கள். விழுங்குவது கிடையாது. விழுங்கினால் மதியத்துக்குமேல் வேலை ஓடாது.

அவர்கள் சுவைப்பது முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயின். பிறந்து ஆறே மாதம். இன்னும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்குள்தான் கிடக்கிறது. புட்டிக்குப் போக மேலும் ஓராண்டாவது ஆகும். இப்போது ருசியாக இருக்கிறதா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. இருபது, முப்பது ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும் பலனை நம்பி வாங்குபவர்கள் இன்றே பணம் கட்டுவார்கள். சரக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்து வந்து சேரும். இந்த முன்பண வியாபாரத்துக்கு ‘என் பிரிமர்’ என்று பெயர். ஆறு மாதக் குழந்தைக்கு ஆயுள் பலன் கணிப்பது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த ஜாதகத்துக்கு அடியில் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது.

அந்த இளம் ஒயின் வாயில் எப்படி இருக்கும்? துவர்க்கும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வசதி அதிகம். மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களின் அடிப்படைச் சுவைகள் ஐந்தில் துவர்ப்புக்கு இடமில்லை. நம் அறுசுவையில் அதற்குத் தனி நாற்காலி. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, பால் விடாத டீ என்று விதவிதமான துவர்ப்பில் வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் பாடப்புத்தகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்வு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள், உமிழ்நீரில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. வாய்க்கு வழவழப்பைத் தரும் புரதம் இப்படித் திரிந்து விலகியதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்தச் சொரசொரப்பைத்தான் துவர்ப்பு என்கிறோம். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதே காரணத்தால்தான். டானின் பால் புரதத்தைப் பிடித்துக்கொள்ள, நம் உமிழ்நீர் தப்பிக்கிறது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. துவர்ப்பு மிடறுக்கு மிடறு ஏறிக்கொண்டே போகும். காலையில் முதலாவதாக வாயில் பட்ட ஒயினையும் நாற்பதாவதாகப் பட்ட ஒயினையும் ஒரே நாக்கு சுவைத்தது என்று சொல்ல முடியாது.

பழகிய சுவைஞர் துவர்ப்பின் அளவோடு நிற்பதில்லை, அதன் குணத்தையும் பார்க்கிறார். ஈறில் மணலாக உறுத்துகிறதா, மெல்லிய மாவாகப் படிகிறதா? சரியாகப் பழுக்காத திராட்சையின் டானின் பச்சையாகக் கடிக்கும். கூடவே குடைமிளகாய் வாசனையும் வரலாம். அந்த வாசனைக்குக் காரணமான பைரசீன் வகைப் பொருள் ஒரு லிட்டர் ஒயினில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் பங்குகளில் பதினைந்து இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். மூக்கின் இந்த நுட்பத்துக்கு முன்னால் நாக்கு பாவம், சின்னப்பிள்ளை.

போர்தோவின் சிவப்பு ஒயின் ஒரே திராட்சையில் உருவாவது அரிது. ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில், மெதோக் பகுதியின் சரளைக்கல் மண்ணில், கேபர்னே சோவின்யோன் ஆட்சி. சிறிய பழம், தடித்த தோல், அதனால் டானினும் புளிப்பும் தாராளம். வலது கரைப் பக்கத்தில், பொமெரோல், சான்தெமிலியோன் ஊர்களின் களிமண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் மெர்லோ. சதைப்பற்றும் மென்மையும் அதன் சொத்து. மணத்துக்குக் கேபர்னே ஃபிரான். சாம்பாரில் பெருங்காயம்போலத் துளியளவு பெத்தி வெர்தோ. கலப்பதில் ருசியோடு விவசாயியின் தற்காப்பும் இருக்கிறது. மெர்லோ சீக்கிரம் துளிர்த்து வசந்தகாலப் பனியில் கருகும். கேபர்னே சோவின்யோன் தாமதமாகப் பழுத்து இலையுதிர்கால மழையில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே ஆண்டில் கைவிடுவது அபூர்வம். ஒவ்வொரு தோட்டத் துண்டின் பழத்தையும் தனித்தனியே நொதிக்கவிட்டு, குளிர்காலத்தில் சுவைத்துச் சுவைத்துக் கலவையை முடிவுசெய்கிறார்கள். தேறாதவை அதே தோட்டத்தின் இரண்டாம் தர ஒயினாக வேறு பெயரில் போகும்.

புட்டிக்குள் நடப்பதுதான் சுவாரஸ்யம். இளம் ஒயின் இருக்கும் கண்ணாடிக் கோப்பையை வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்தால் விளிம்புவரை கருஊதா. பல ஆண்டு ஆன ஒயினின் விளிம்பு செங்கல் நிறம். ஊதாவைத் தரும் ஆந்தோசயனின்கள் மெல்ல மெல்ல டானின்களோடு கைகோத்துப் புதிய நிறமிகளாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்குகிறது. டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கீழே படிந்துவிடுவதால்தான் பழைய ஒயின் மென்மையாகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை. ஒயினின் புளிப்பில் அந்தச் சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன, அறுந்தவை வேறு விதமாகச் சேர்கின்றன. கார்க் வழியே கசியும் அணுவளவு ஆக்ஸிஜனும் இதில் பங்காளி. பழவாசனை ஒதுங்கி, தேவதாரு மரப்பெட்டி, புகையிலை, காளான் என்று வேறு வாசனைகள் வர வருடங்கள் பிடிக்கும்.

பீப்பாயும் தன் பங்குக்குக் குழப்பும். புது ஓக் மரம் வனிலா, கிராம்பு, தேங்காய் வாசனைகளை ஒயினுக்கு ஊட்டுகிறது. கிராம்பில் இருக்கும் அதே யூஜினால் ஓக்கிலும் உண்டு. எது திராட்சை தந்தது, எது தச்சர் தந்தது என்று பிரித்துக் கழித்துவிட்டுத்தான் ஆயுளைச் சொல்ல வேண்டும்.

சொன்ன பலன் பலிக்கிறதா? 1975ஆம் ஆண்டு போர்தோவின் இறுகிய டானினைச் சுவைத்தவர்கள் அதற்கு நீண்ட ஆயுள் எழுதினார்கள். பல ஒயின்களில் டானின் தளர்வதற்குள் பழச்சுவை வற்றிப்போனது. 1982 நேர்மாறு. பீப்பாயிலேயே கனிந்து, மென்மையாக இருந்தது. புளிப்பு போதாது, நிலைக்காது என்று சில விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அமெரிக்க வழக்கறிஞரான ராபர்ட் பார்க்கர் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். அவர் பெயர் உலகம் முழுக்கப் பரவியதே அந்த ஆண்டால்தான். 1982இன் சிறந்த ஒயின்கள் நாற்பது ஆண்டைத் தாண்டிவிட்டன. உப்பைத் தூக்கலாகப் போட்டால் ஊறுகாய் கெடாதுதான். மாங்காயே சரியில்லை என்றால் கெடாமல் இருந்து யாருக்கு என்ன லாபம்? துவர்ப்பு ஒயினைக் காக்கும், ஆனால் காக்கத் தகுந்த பழச்சுவை உள்ளே இருந்தாக வேண்டும். என் வாசிப்பில் இந்தக் கலையின் சாரம் இதுதான்.

சுவைஞர்களின் புலன்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது முடிவுகள் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. மோரோ, ப்ரோஷே, துபூர்தியூ ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 பேருக்கு, வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் வாசனையை அவர்கள் வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது.

பிரின்ஸ்டன் பொருளாதாரப் பேராசிரியர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் கோப்பையையே தொடவில்லை. முந்தைய குளிர்கால மழை, வளர்பருவத்தின் சராசரி வெப்பம், அறுவடைக்கால மழை, ஒயினின் வயது ஆகியவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டால் முதிர்ந்த போர்தோவின் ஏல விலையை நன்றாகவே கணிக்க முடிகிறது என்று காட்டினார். நல்ல மழையோடு குளிர்காலம், வெயில் காயும் கோடை, அறுவடையில் வறட்சி. அது நல்ல ஆண்டு. ஒயின் உலகம் கொதித்துப்போனது. கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கணக்கின் பக்கம்தான் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு. மழைமானி ஆண்டின் தரத்தைச் சொல்லும். ஒரே ஆண்டில், ஒரே வானத்தின் கீழ், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் எது தேறும் என்று சொல்ல நாக்குதான் வேண்டும்.

போர்தோ தனக்கே சொல்லிக்கொண்ட ஆயுள் பலனும் ஒருமுறை பொய்த்தது. 1976 மே 24 அன்று பாரிஸில், பெயர் மறைத்து நடந்த ஒப்பீட்டில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் சிவப்பு ஒயின், முத்தோன் ரோத்ஷீல்டு உள்ளிட்ட போர்தோ ஒயின்களை முந்தியது. இளமையில் அப்படித்தான், எங்களுடையது முதுமையில் ஜெயிக்கும் என்றது போர்தோ தரப்பு. 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே.

போயாக் ஊரின் ஷாத்தோ லதூர், நெடிய ஆயுளுள்ள ஒயினுக்குப் பேர்போன தோட்டம். 2012இல் அது ‘என் பிரிமர்’ விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. குடிக்கத் தயாராகிவிட்டது என்று தனக்குத் தோன்றும்வரை ஒயினைத் தன் நிலவறையிலேயே வைத்திருந்து, அதன்பிறகே விற்கிறது.