கிராங்க் சுற்ற ஒன்றரை மில்லிமீட்டர்

எஞ்சினின் இழுவைத் திறனைக் கூட்ட ஒரு பழைய வழி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டுவது. இந்தத் தூரத்தை 'ஸ்ட்ரோக்' என்பார்கள். ஸ்ட்ரோக் கூடினால் சிலிண்டரின் கொள்ளளவு கூடும். அதிகக் காற்றும் எரிபொருளும் எரியும். ஆனால் அதற்கான புதிய கிராங்கும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் சுற்றுவதற்குப் பழைய பிளாக்கில் இடம் இருக்க வேண்டுமே!

அமெரிக்காவில் இதற்குப் பெயர்போன உதாரணம் செவ்ரலேயின் 'ஸ்மால் பிளாக்' வி-8 எஞ்சின். 1955இல் அறிமுகமான இந்தக் குடும்பத்தில் 1967இல் 350 கன அங்குல எஞ்சின் வந்தது. அதன் ஸ்ட்ரோக் 88.4 மி.மீ. 1970இல் வந்த 400 கன அங்குல எஞ்சினின் ஸ்ட்ரோக் 95.25 மி.மீ. பந்தயப் பிரியர்கள் 400இன் கிராங்கை 350இன் பிளாக்கில் பொருத்தினார்கள். அந்தக் கிராங்கின் மெயின் ஜர்னல்கள் (பிளாக்கில் அமர்ந்து சுழலும் பகுதிகள்) பருமனானவை என்பதால் அவற்றைக் கடைந்து சிறிதாக்கினார்கள். சிலிண்டர் துளையையும் 0.030 அங்குலம் பெரிதாக்கியபோது 383 கன அங்குலம், அதாவது சுமார் 6.3 லிட்டர் கிடைத்தது. இன்று 350 பிளாக்கிற்கென்றே இதே ஸ்ட்ரோக்கில் கிராங்கும் ராடுகளும் தயாராகக் கிடைக்கின்றன.

ஸ்ட்ரோக் ஏறத்தாழ 6.9 மி.மீ. கூடும்போது, கிராங்கைப் பற்றியிருக்கும் ராடின் பெரிய முனை முன்பைவிடச் சுமார் 3.4 மி.மீ. வெளியே தள்ளிச் சுற்றுகிறது. அந்த வட்டத்தின் வழியில் நிற்பவை இரண்டு: சிலிண்டர் துளையின் கீழ் விளிம்பு, ஆயில் பேன் பொருந்தும் சட்டத்தின் உட்புறம். பெரும்பாலும் முதலில் முட்டுவது ராடின் போல்ட்தான். மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட்டும் நெருங்கியே இருப்பதால், ராடின் தோள் அதன் மேடுகளில் உரசக்கூடும். தோள் செதுக்கப்பட்ட, நட்டு இல்லாத போல்ட் கொண்ட ராடுகளை வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கையால் சுற்றும்போது உரசவில்லை என்பது போதாது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிராங்க் நொடிக்கு 100 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் ராட் நீளும், கிராங்க் வளையும். அதனால்தான் பிளாக்கிற்கும் ராடிற்கும் இடையே குறைந்தது ஒன்றரை மி.மீ. விட வேண்டும் என்பது பட்டறைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

இந்த இடைவெளியை உண்டாக்க, முதலில் கிராங்கையும் பிஸ்டனோடு ராடையும் தற்காலிகமாகப் பொருத்தி, மெல்லச் சுற்றிப் பார்க்கிறார்கள். முட்டும் இடத்தை மார்க்கரால் குறித்து, எல்லாவற்றையும் கழற்றி, கார்பைடு முனை கொண்ட கைக் கிரைண்டரால் வார்ப்பிரும்பைச் சிறிது சிறிதாகக் கடைகிறார்கள். விளிம்பில் பிறை வடிவப் பள்ளம் ஒன்று உருவாகும். மீண்டும் பொருத்தி, ஒன்றரை மி.மீ. தடிமன் கம்பியை அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்க்கிறார்கள். எட்டு சிலிண்டருக்கும் இதே வேலைதான். கேம் இடைவெளியைப் பார்க்க கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில்தானே சுழல்கிறது!

இங்கே அவசரம் ஆகாது. கடையும் சுவருக்குப் பின்னால் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. அதிகம் கடைந்தால் ஓட்டை விழுந்து பிளாக்கே வீணாகிவிடும். கடைந்து முடித்ததும் பிசிறுகளை மழுக்கி, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, எண்ணெய்ப் பாதைகளைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். இரும்புத் துகள் சிறிது தங்கினாலும் எண்ணெயோடு போய்ப் பேரிங்கைக் கீறிவிடும். பொறுமையாகக் கடைந்த பிளாக், கவனமாகக் கழுவப்பட்டால்தான் நெடுநாள் ஓடும்.